துப்பிவிட்டால் போதும் என்று நினைத்தோம்

பதுளையில் வைன் என்று சொன்னால் யாருக்கும் வைன் ஞாபகத்துக்கு வராது. பஸாரில் ‘வைன் ஸ்டோர்ஸ்’ என்று பெரிய பலகை மாட்டிய கடைக்குள்ளே இருப்பதெல்லாம் சாராயமும் பியரும்தான். கம்பி அடித்த சன்னலுக்குள் கையை விட்டுப் போத்தலை வாங்கி, இடுப்புச் சாரத்து மடிப்பில் செருகிக்கொண்டு போகிறவர்களைப் பார்த்தே வளர்ந்தவள் நான். சம்பள நாளில் தோட்டத்து ஆம்பிளைகள் பாதிப் பேர் அங்கேதான் நிற்பார்கள். பஸ் பிடிக்க அந்தப் பக்கம் போனால் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு நடப்பது எனக்கு இன்றைக்கும் பழக்கம்.

அப்படிப்பட்ட நான், மாதத்தில் ஒரு ஞாயிறு பின்னேரம் ரயில் நிலையத்துக்கு மேலே மேட்டில் இருக்கும் ஒரு வீட்டு விறாந்தையில் உட்கார்ந்து, கண்ணாடிக் கிளாஸைச் சுழற்றி, மூக்கை உள்ளே விட்டு, “பின்னால கொஞ்சம் கறுவா வாசம் வருதுல்ல?” என்று கேட்கிறவளாக மாறிவிட்டேன். பள்ளிக்கூடத்தில் என்னோடு படிப்பிக்கும் டீச்சர்மாருக்கு இது தெரியாது. தெரிந்தால் என்ன ஆகும் என்று கேட்காதீர்கள். புருஷன் குடித்தால் பாவம் அவள் என்பார்கள், பொம்பிளை குடித்தால் சீ அவள் என்பார்கள். எங்கள் ஊரில் அவ்வளவுதான் கணக்கு.

எங்கள் கூட்டத்தில் முதலில் நாலு பேர்தான். அந்த மேட்டு வீட்டுக்குச் சொந்தக்காரர் நமுனுகுலப் பக்கம் ஒரு தோட்டத்து லயத்தில் பிறந்து, இத்தாலிக்குப் போய், அங்கே மலைச்சரிவில் திராட்சைத் தோட்டத்தில் பல வருஷம் கிளை கழிக்கும் வேலை செய்துவிட்டுத் திரும்பி வந்தவர். இத்தாலிக்காரர் என்றுதான் அவரை எல்லாரும் கூப்பிடுவோம். “இங்க தேயிலைக்குக் கவ்வாத்து வெட்டினேன், அங்க திராட்சைக்குக் கவ்வாத்து வெட்டினேன். ஒரே ஒரு வித்தியாசம், அங்க வெட்டினவனையும் மேசையில உக்கார வச்சிக் குடிக்கக் குடுத்தாங்க” என்பார். சிரித்துக்கொண்டேதான் சொல்வார், ஆனால் இரண்டாவது பாதியைச் சொல்லும்போது சிரிப்பு கொஞ்சம் குறைந்துவிடும்.

இரண்டாவது ஆள் தபால் அக்கா. தபால் கந்தோரில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நத்தார்ப் பண்டிகைக்கு அவர் வீட்டில் போடும் வைன்தான் நான் முதன்முதலில் ருசித்த வைன். நெல்லிக்காயை இடித்து, சீனியும் ஈஸ்டும் ஒரு பிடி கோதுமையும் கறுவாப்பட்டையும் போட்டு, பீங்கான் ஜாடியின் வாயைத் துணியால் கட்டி, சாமிப் படத்துக்குக் கீழே வைத்துவிடுவார். அடுப்படியில் வைத்தால் சூட்டில் கெட்டுவிடும், படுக்கை அறையில் வைத்தால் மணம் தாங்காது, சாமிக்குக் கீழே வைத்தால் யாரும் திறந்து பார்க்கமாட்டார்கள் என்பது அவருடைய நியாயம். பீட்ரூட்டில் போடுவார், வெலிமடைப் பக்கத்துப் பிளம்ஸ் கிடைத்தால் அதிலும் போடுவார்.

மூன்றாவது பேங்க் சேர், பேங்கில் வேலை பார்க்கிற ஸார். அவருக்கு எல்லாமே போனில் படித்த அறிவு. ஒரு முறை அக்காவின் பிளம்ஸ் வைனை வாயில் வைத்துக் கண்ணை மூடி, “வெயில் பட்ட ஈரப் பாறையோட வாசம் அடியில இருக்கு” என்றார். அக்கா என் பக்கம் திரும்பி, “ஏன் தங்கச்சி, நான் ஜாடியக் கழுவலன்னு சொல்றாரா?” என்று கேட்டார். அன்று சிரித்த சிரிப்பில் எனக்கு வயிறு வலித்துவிட்டது.

சாமான் எதுவும் வெளிநாட்டிலிருந்து வராமல் இருந்த காலத்தில் அக்காவின் ஜாடியை நம்பித்தான் எங்கள் கூட்டமே நடந்தது. பிறகு சூப்பர் மார்க்கட்டில் போத்தல்கள் திரும்ப வந்தன. இத்தாலிக்காரரின் மகள் அங்கிருந்து வரும்போது ஒன்றிரண்டு கொண்டு வருவாள். எதை எதோடு சாப்பிடுவது என்று நாங்களே கண்டுபிடித்தோம். மாசிக் கருவாட்டுச் சம்பலோடு சிவப்பு வைன் குடித்தால் வாயில் பழைய ஆணியை வைத்த மாதிரி ஆகிவிடும். ஆட்டிறைச்சிப் பிரட்டலோடு அதே வைன் குணமாகிவிடும். உளுந்து வடைக்கு நெல்லி வைனை அடிக்க ஒன்றுமில்லை. இத்தாலிக்காரர் ஒரு வடையைக் கையில் வைத்துக்கொண்டு, இது தெரியாமல் அந்த ஊர்க்காரன் செத்துப் போகிறானே என்று நிஜமாகவே வருத்தப்பட்டார்.

எனக்கு அந்தப் பின்னேரங்கள் உயிர். அதை மழுப்பிச் சொல்ல எனக்கு இஷ்டமில்லை. ஒரு கிளாஸ், அதிகம் போனால் ஒன்றரை. போதைக்காக நான் ஒரு நாளும் குடித்ததில்லை. ஒரு வாயில் இத்தனை விஷயம் இருக்கிறது, அதைச் சொல்லச் சொல்கிறார்கள், நான் சொன்னதைக் கேட்கிறார்கள், மறுத்துப் பேசுகிறார்கள். வீட்டிலும் பள்ளிக்கூடத்திலும் நான் என்ன ருசித்தேன் என்று யார் கேட்டார்கள்? உப்பு சரியா என்று நான்தான் எல்லாரையும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

இதை நான் என் வீட்டுக்காரருக்குச் சொல்லவில்லை. அதற்குக் காரணம் இருந்தது.

அவர் ஸ்பிரிங்வெளிப் பக்கம் ஒரு தோட்டத்தில் டீமேக்கர். தேயிலைத் தொழிற்சாலையைத் தோட்டத்தில் ஸ்டோர் என்போம். அந்த ஸ்டோரில் கொழுந்து வாடுவதிலிருந்து தூளாகிச் சாக்கில் ஏறுவது வரை அவர் பொறுப்பு. ராத்திரி பகல் பாராத வேலை. அந்த வேலையைச் சாக்காக வைத்து ஆரம்பித்த சாராயம் பிறகு அவரையே குடித்தது. அந்த வருஷங்களை விவரமாக எழுத எனக்கு மனசில்லை. ஒரு காலை அவர் ஸ்டோர் படியில் விழுந்து, இரத்தமாக வாந்தி எடுத்து, பதுளை ஆஸ்பத்திரியில் கிடந்தார். ஈரல் கெட்டிருக்கிறது, இனி ஒரு சொட்டு உள்ளே போனாலும் தாங்காது என்று டொக்டர் என்னிடம் சொல்லவில்லை, அவரிடமே முகத்தைப் பார்த்துச் சொன்னார். அதற்குப் பிறகு அவர் குடிக்கவில்லை. சத்தியம் செய்யவில்லை, மாலை போடவில்லை, சாட்சி சொல்லவில்லை. சும்மா நிறுத்திவிட்டார். சிரிப்பையும் அதோடு நிறுத்திவிட்டார் என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

வீட்டில் போத்தலில் எதுவும் வைக்கமாட்டேன். இருமல் மருந்தைக்கூட வாங்கியதும் வேறு டப்பாவில் ஊற்றிவிடுவேன். நத்தார் கேக்குக்கு ஆரஞ்சுச் சாறுதான். மேட்டு வீட்டிலிருந்து வரும்போது கராம்பு மென்றுகொண்டே பஸ் ஏறுவேன். அப்படி ஒரு ஞாயிறு நான் வாசலில் செருப்பைக் கழற்றும்போது அவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், “நெல்லியா?” என்று கேட்டார்.

தேயிலை மணத்தை வைத்து வாழ்கிறவருடைய மூக்கைக் கராம்பு வைத்து ஏமாற்றப் பார்த்தேன் பாருங்கள்.

“கராம்புக்கு அடியில நெல்லி இருக்கு. நல்லா போட்டிருக்காங்க. புளிக்க விட்டவங்க அவசரப்படல” என்றார். கோபமே இல்லை. நான் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்தார். நான் பேசி முடித்ததும், “போயிட்டு வா. நீ குடிச்சிக் கெட்டுப்போற ஆளா” என்று மட்டும் சொன்னார். அன்றைக்கு எனக்கு ஏற்பட்ட நிம்மதியை நினைத்தால் இப்போது என் மீதே எரிச்சல் வருகிறது.

அவரைக் கூட்டத்துக்கு அழைத்தது நானல்ல, இத்தாலிக்காரர். பஸாரில் இரண்டு பேரும் சந்தித்துப் பேசியிருக்கிறார்கள். ஒரு ஞாயிறு இத்தாலிக்காரர் என்னிடம், “டீச்சர், அண்ணன ஒரு தடவ கூட்டிட்டு வாங்க. அந்த நாக்கு எங்களுக்கு வேணும்” என்றார்.

“அவரு தொடக்கூடாதுங்க. ஒங்களுக்குத் தெரியாதா” என்றேன்.

“குடிக்கச் சொல்லல டீச்சர். அவரு தினமும் காலையில என்ன செய்றாரு? வாயில வச்சித் துப்புறாரு. அங்கயும் அப்படித்தான், பெரிய ஆளுங்க யாரும் முழுங்கமாட்டாங்க.”

பேங்க் சேர் அதற்கு ஆதாரம் எல்லாம் போனில் காட்டினார். அக்கா வடையை எடுத்து வைத்தார். நான் வீட்டுக்கு வந்து, அவர் மறுத்துவிடுவார் என்று நம்பித்தான் விஷயத்தைச் சொன்னேன். “துப்புறது எனக்கு வேலைதானே. தேத்தண்ணியில முழுங்கினவன்னு ஒருத்தனாவது என்னச் சொல்லட்டும்” என்றார்.

இதில் நாங்கள் எல்லாரும் எப்படி ஏமாந்தோம் என்பதை ஸ்டோரைப் பார்க்காதவர்களுக்குச் சொல்ல வேண்டும். காலையில் வெள்ளைக் கோப்பைகளை வரிசையாக வைத்துத் தேயிலையை ஊற வைப்பார்கள். டீமேக்கர் கரண்டியால் எடுத்து, ஊர் கேட்கிற சத்தத்தோடு உறிஞ்சி, வாய்க்குள் ஒரு சுற்றுச் சுற்றி, காலால் தள்ளிக்கொண்டு போகும் தொட்டியில் துப்பிவிட்டு அடுத்த கோப்பைக்குப் போவார். கல்யாணம் ஆன புதிதில் எட்டி நின்று பார்த்திருக்கிறேன். ஒரு சொட்டு உள்ளே போகாது. தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு அந்தத் துப்பல்மீது ஒரு பக்தியே உண்டு. வாயில் போனாலும் உடம்பில் சேராது என்று எங்களுக்கு அது சின்ன வயதிலிருந்தே நிச்சயம். அதனால் தேத்தண்ணிக்குப் பொருந்தியது வைனுக்கும் பொருந்தும் என்று நாலு படித்த மனிதர்கள் நம்பினோம்.

அவர் வந்த முதல் ஞாயிறு இத்தாலிக்காரர் ஒரு எனாமல் பேசினைக் கழுவி அவர் கதிரைக்குப் பக்கத்தில் வைத்திருந்தார். எல்லாருக்கும் ஊற்றினார். என் வீட்டுக்காரர் கிளாஸைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார், முகர்ந்தார், ஸ்டோரில் உறிஞ்சுகிற அதே சத்தத்தோடு உறிஞ்சினார். பேங்க் சேர் திடுக்கிட்டுக் கதிரையில் நிமிர்ந்தார். வாயில் சுழற்றி, பேசினில் துப்பி, உதட்டைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: “துவர்ப்பு ஈறுல போயி ஒட்டிக்கிட்டு நிக்குது. நல்ல துவர்ப்புன்னா புடிச்ச ஒடனே விட்டுரணும். இது இன்னும் கொஞ்ச காலம் இருந்திருக்கணும், அவசரப்பட்டுத் தொறந்துட்டாங்க.”

இத்தாலிக்காரர் எழுந்து வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். அந்த மாதத்திலிருந்து எங்கள் பேச்சே வேறாகிவிட்டது. நாங்கள் ‘நல்லா இருக்கு’ என்று சொல்கிற இடத்தில் அவருக்குச் சொல்லப் பல வார்த்தைகள் இருந்தன, எல்லாம் தேயிலையிலிருந்து எடுத்தவை. வாடல் போதாத வைன். கருகின வைன். காற்று பட்ட வைன். பேங்க் சேர் போனைப் பைக்குள் போட்டுவிட்டு அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். என் வீட்டுக்காரரும் அவரோடு வாதாடினார், விட்டுக்கொடுத்தார், கேலி செய்தார். இந்த மனுஷனிடம் இவ்வளவு பேச்சு மிச்சம் இருந்ததா என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

ஆனால் என் சந்தோஷம் அன்றோடு போயிற்று. கிளாஸ் என் கையில் இருக்கும், கண் அவர் தொண்டையில் இருக்கும். அவர் உறிஞ்சினால் என் மூச்சு நிற்கும். துப்பினால் மூச்சு வரும். அடுத்தது உறிஞ்சுவார். மேட்டிலிருந்து பார்த்தால் நமுனுகுல மலை தெரியும், கீழே ரயில் வந்து நிற்பது தெரியும். நான் எதையும் பார்த்ததில்லை. “டீச்சர், இது எப்படி?” என்று யாராவது கேட்டால் திடுக்கிட்டு ஒரு மடக்குக் குடித்துவிட்டு, “நல்லா இருக்கு” என்பேன். குடித்தது வெள்ளையா சிவப்பா என்றுகூட அப்போது சொல்லியிருக்கமாட்டேன்.

ஒரு முறை அவர் துப்பக் கொஞ்சம் தாமதமானது. நான் எழுந்தேவிட்டேன். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். கொசு கடித்தது என்று சொல்லி உட்கார்ந்தேன். அவர் பேசினில் துப்பிவிட்டு என்னைப் பார்த்த பார்வையில் பிடித்த பிறகு விட்டுவிட்டவனைத் திருடன் பார்க்கிற மாதிரி ஒரு வெட்கம் இருந்தது. அந்த வெட்கம் யாருடையது என்று எனக்குப் புரியவில்லை.

அக்காவிடம் தனியாகக் கேட்டேன், நாங்கள் செய்வது சரியா என்று. அவர் ஜாடியைத் துடைத்துக்கொண்டே, “அவரு சந்தோசமாத்தானே இருக்காரு தங்கச்சி. நீதான் போலீஸ்காரி மாதிரி உக்காந்திருக்க” என்றார். சந்தோஷமாகத்தான் இருந்தார். அதுதான் என் வாயைக் கட்டியது.

கச்சான் காற்று தொடங்கினால் எங்கள் ஊவா மலைத் தேயிலைக்கு மணம் ஏறும். வறண்ட காற்று கொழுந்தைப் போட்டு வாட்டும். அந்த வாட்டத்தில்தான் வேறு எங்கும் கிடைக்காத அந்தக் குளிர்ந்த மணம் பிறக்கும். அந்தச் சில வாரம் டீமேக்கர்களுக்குத் தூக்கம் கிடையாது. இவர் கண் குழி விழுந்து, கன்னம் ஒட்டி, எரிச்சலோடு அலைவார். குடித்த காலத்தில் அதிகம் குடித்ததும் அந்த வாரங்களில்தான். இந்த மாதம் மட்டும் போக வேண்டாம் என்று சொன்னேன். “வாக்குக் குடுத்துட்டேன். அவரு ஒரு போத்தல் எடுத்து வச்சிருக்காரு” என்றார்.

இத்தாலிக்காரர் வேலை செய்த தோட்டத்திலேயே போட்ட வைன் அது. அவர் கையால் கவ்வாத்து வெட்டிய கொடியில் காய்த்தது என்று சொன்னார். காலையிலேயே திறந்து ஒரு கண்ணாடிச் சாடியில் ஊற்றி, காற்றுப் பட வைத்திருந்தார். விறாந்தை முழுக்க மணம். ஊற்றினார்கள், எல்லாரும் குடித்தோம், எல்லாரும் என் வீட்டுக்காரரைப் பார்த்தோம்.

அவர் உறிஞ்சவில்லை. சத்தமில்லாமல் வாயில் எடுத்து அப்படியே வைத்திருந்தார். நான் எழுந்திருக்கவில்லை, எழுந்திருக்க முடியவில்லை. பிறகு குனிந்து மெதுவாகத் துப்பினார். உதட்டைத் துடைக்கவில்லை.

“எப்படிண்ணே?” என்றார் இத்தாலிக்காரர்.

“எனக்கு இதுல ருசி ஒண்ணும் தெரியலங்க” என்றார் இவர். “முழுங்கணும், முழுங்கணும்னு ஒண்ணு கெடந்து அடிச்சிக்குது. அது மட்டுந்தான் தெரியுது.”

பேங்க் சேர் கை தட்டினார். இதைவிட ஒரு வைனுக்கு என்ன பாராட்டு வேண்டும் என்றார். இத்தாலிக்காரருக்குக் கண் கலங்கிவிட்டது. அக்காவும் சிரித்தார். என் வீட்டுக்காரரும் சிரித்தார், அவர்கள் சிரித்ததற்காக. நான் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, நாளைக்குப் பாடக்குறிப்பு எழுத வேண்டும் என்று ஏதோ உளறி, அவரைக் கூட்டிக்கொண்டு இறங்கினேன்.

பஸ் நிலையத்துக்கு இறங்கும் பாதையில் காற்று புழுதியை வாரி அடித்தது.

“எப்பயிருந்து?” என்று கேட்டேன்.

“மொத நாள்லயிருந்து.”

“தேத்தண்ணி மாதிரின்னு சொன்னீங்களே.”

“அப்படித்தான் நெனச்சேன். தேத்தண்ணிய வாய் அப்பவே மறந்துரும். இத மறக்கல. துப்பிட்டு வீட்டுக்கு வந்தா ரெண்டு மூணு நாளைக்கு நாக்கு அதையே கேக்கும். ஸ்டோருல கோப்பை வாயில வைக்கிறப்போ தேயிலையே தெரியாது.”

“அப்பறம் ஏங்க போனீங்க?” எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. நடுத்தெரு என்றுகூடப் பார்க்கவில்லை. “யாரு ஒங்கள வரச் சொன்னது? எனக்கு இருந்தது அது ஒண்ணுதான். அதுலயும் வந்து உக்காந்து என்னக் கொல்லணுமா?”

அவர் நின்றார். சாரத்தின் நுனியைப் பிடித்துக்கொண்டு, சின்னப் பிள்ளை மாதிரி நின்றார். “நீ அங்க போயிட்டு வந்தா மொகம் வேற மாதிரி இருக்கும். அங்க எப்படித்தான் சிரிக்கிறன்னு ஒரு தடவ பாக்கலாம்னு வந்தேன்” என்றார். கொஞ்சம் நடந்துவிட்டு, “நான் வந்த பெறகு நீ ஒரு நாளும் சிரிக்கல. இன்னைக்காவது சிரிப்பன்னு பாத்து பாத்துத்தான் திரும்பத் திரும்ப வந்தேன்” என்றார்.

நான் அவரைக் காவல் காத்துக்கொண்டிருந்த அத்தனை மாதமும் அவர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். எனக்கு அழுகை வந்தது. அழுகை வந்ததற்கும் சேர்த்து அவர்மேல் கோபம் வந்தது. பஸ்ஸில் சன்னல் ஓரத்தில் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டே வந்தேன்.

அதற்குப் பிறகு அவர் போகவில்லை. சுகமில்லை என்று இத்தாலிக்காரருக்குச் சொல்லி அனுப்பினோம். நானும் போகவேண்டாம் என்றுதான் இருந்தேன். அடுத்த மாதம் ஞாயிறு வந்ததும் அவரே என் சேலையை எடுத்து மடித்துக் கட்டிலில் வைத்துவிட்டார். “போ. நான் வரல, அவ்வளவுதானே. நீ ஏன் நிக்கணும்?” என்றார். போனேன். அன்றைக்கு என்னால் சிரிக்க முடிந்தது. ருசிகூடத் திரும்பி வந்தது, நாக்கில் புளிப்பும் இனிப்பும் தனித்தனியாகத் தெரிந்தன. பேசினை யாரோ எடுத்து உள்ளே வைத்திருந்தார்கள். அதற்கு அடுத்த மாதமும் போனேன்.

நான் திரும்பி வரும்போதெல்லாம் அவர் ஒன்று அடுப்படியில் இருந்தார், அல்லது ஸ்டோருக்குப் போயிருந்தார். ராத்திரிச் சாப்பாட்டின்போது மேசையின் அந்தப் பக்கம் உட்கார்ந்தார். நான் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கச்சான் வாரங்களின் அசதி இன்னும் தீரவில்லை என்று நினைத்தேன்.

மூன்றாவது மாதம் நான் வந்தபோது அவர் முன்னறையில் மறுநாளுக்குச் சட்டை மினுக்கிக்கொண்டிருந்தார். நல்ல மனநிலையில் இருந்தேன். அக்கா தந்த வடைப் பொட்டலத்தை மேசையில் வைத்துவிட்டு, பேங்க் சேர் சொன்ன ஒரு பகிடியைச் சொல்ல அவர் தோளுக்குப் பக்கத்தில் போய் நின்றேன். பேசத் தொடங்கியதும் அவர் ஸ்திரிக்கைப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பினார்.

“கொஞ்சம் தள்ளி நில்லு” என்றார்.

“என்னங்க?” என்றேன்.

“வாயத் தொறக்காத. கொஞ்ச நேரம்.” குரலில் கோபம் இல்லை. கெஞ்சுகிற மாதிரி இருந்தது. கை இரண்டும் மேசை விளிம்பை இறுக்கிப் பிடித்திருந்தன.

இருமல் மருந்தைக்கூட வேறு டப்பாவில் ஊற்றி வைத்த வீடு அது. வைன் மணத்தை நானே மாதா மாதம் என் வாயில் வைத்து உள்ளே கொண்டுவந்திருக்கிறேன். பின்னால் நகர்ந்து, கையால் வாயைப் பொத்திக்கொண்டு, “சொல்லியிருந்தா நான் போயிருக்கமாட்டேனே” என்றேன்.

“தெரியும்” என்றார் சுவரைப் பார்த்துக்கொண்டே. “அதான் சொல்லல.”

பின்பக்கம் பைப்படிக்குப் போனேன். உப்பு போட்டுக் கொப்பளித்தேன். கொய்யா இலையைப் பறித்து மென்று துப்பினேன், இஞ்சியைக் கடித்து மென்று துப்பினேன், மறுபடி கொப்பளித்தேன். வாய் எரிந்தது. சேலையை மாற்றிக்கொண்டு வந்து, மூடியிருந்த முன்னறைக் கதவுக்கு இந்தப் பக்கம் நின்றேன்.

“இப்ப?” என்று கேட்டேன்.

உள்ளே அவர் மூக்கால் மூச்சை இழுப்பது கேட்டது.

“இன்னும் இருக்கு” என்றார்.